பலகை ஏன் கோணுகிறது? மில்லிங் செயின்சாவோடு 6 வருடம்

விழுந்த மரங்களை நெடுக்காக அறுத்துப் பலகை எடுக்க 90 சிசி செயின்சா ஒன்று வைத்திருக்கிறேன். 36 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் தட்டைத் தகடு), 3/8 அங்குல பிட்ச் (லிங்குகளின் இடைவெளி அளவு), 114 டிரைவ் லிங்க் (பாரின் விளிம்பில் உள்ள காடிக்குள் ஓடும் லிங்க்) கொண்ட செயின், பாரை இரு முனையிலும் பிடித்துக்கொள்ளும் மில் சட்டம். 6 வருடமாக இதே அமைப்புதான். எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை, ஏர் ஃபில்டரை மட்டும் அடிக்கடி சுத்தம் செய்வேன். என்னை அலைக்கழித்ததெல்லாம் செயினும் பாரும் ஒன்றுக்கொன்று பொருந்தும் விஷயம்தான்.

முதல் செயின் தேய்ந்ததும், நெடுக்கு அறுப்புக்கென்றே வரும் செயின் ஒன்றை வாங்கினேன். குறுக்கே அறுக்கும் செயினில் பல்லின் மேல்தகடு பெரும்பாலும் 30 டிகிரி சாய்வில் இருக்கும். இதில் 10 டிகிரி. வெட்டிய முகம் வழவழப்பாக வரும் என்று ஆசையோடு மாட்டினேன். பிட்ச் சரி, லிங்க் எண்ணிக்கை சரி. ஆனால் முதல் பலகையிலேயே ஒரு ஓரம் 30 மி.மீ., மறு ஓரம் 33 மி.மீ. நடுவில் அலை அலையாக வரிகள் வேறு. மில் சட்டம் தளர்ந்திருக்குமோ என்று எல்லா போல்ட்டையும் இறுக்கினேன். முதல் வெட்டுக்கு வழிகாட்டியாகக் கட்டையின் மேல் வைக்கும் ஏணியை மாற்றி வைத்துப் பார்த்தேன். பற்களை மறுபடியும் மறுபடியும் அரம் போட்டேன். நல்ல செயினில் கால்வாசி பல்லை அப்படியே தீர்த்துவிட்டேன், இன்றும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

கடைசியில் வெர்னியர் காலிப்பரை எடுத்து டிரைவ் லிங்கின் தடிமனை அளந்தபோது விஷயம் புரிந்தது. செயின் 1.3 மி.மீ., பாரின் காடி 1.6 மி.மீ. வாங்கும்போது யாரும் கேஜை, அதாவது இந்தத் தடிமனை, கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 0.3 மி.மீ. இடைவெளிதானே என்று தோன்றும். ஆனால் செயின் காடிக்குள் அந்த அளவு சாய்ந்தால், பல்லின் உயரத்தில் சாய்வு இன்னும் கூடுகிறது. மில்லில் பார் படுத்த நிலையில் ஓடுவதால் சாய்வும் ஒரே பக்கமாக விழுகிறது. அகலமான கட்டையில் ஒவ்வொரு பல்லும் அந்தச் சாய்வோடே வெட்டிப் போனால் பலகை எப்படி நேராக வரும்? மாறாக, 1.6 செயின் 1.3 காடிக்குள் இறங்கவே இறங்காது. அதனால் அந்தத் தவறு மாட்டும்போதே தெரிந்துவிடும். தடிமன் குறைந்த செயின் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும், ஆபத்து அதில்தான்.

சரியான 1.6 செயின் போட்டதும் பலகை நேரானது. அடுத்த மூன்று வருடம் நிம்மதி.

அப்புறம் அதே கோணல் திரும்ப வந்தது. இந்த முறை அளவெல்லாம் சரி, காடிதான் தேய்ந்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகளை இன்றுவரை பயன்படுத்துகிறேன். எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு எஃகு ஸ்கேலின் விளிம்பை ஒரு பல்லின் பக்கத்தோடும் பாரின் தட்டைப் பக்கத்தோடும் சேர்த்துப் பிடிப்பேன். ஸ்கேலுக்கும் பாருக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி தெரிந்தால் காடி நல்ல நிலையில் இருக்கிறது. செயின் சாய்ந்து ஸ்கேல் பாரோடு ஒட்டிக்கொண்டால் காடி அகன்றுவிட்டது. இரண்டாவது வழி பாரைத் தலைகீழாகப் புரட்டி மாட்டி ஒரு பலகை அறுப்பது. கோணல் மறைந்தாலோ திசை மாறினாலோ குற்றம் பாரில். அதே பக்கம் தொடர்ந்தால் செயினில்: இடப் பற்களும் வலப் பற்களும் ஒரே நீளத்தில் இல்லை, அல்லது ஆழமானிகள் (ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் வெட்டின் ஆழத்தை நிர்ணயிக்கும் மேடுகள்) ஒரே உயரத்தில் இல்லை. இந்தச் சோதனை முதல் வருடமே தெரிந்திருந்தால் அந்தச் செயினின் பற்கள் மிஞ்சியிருக்கும்.

என் பாரில் விளிம்புகளில் பிசிறு எழுந்திருந்தது, ஒரு விளிம்பு மற்றதைவிடத் தாழ்ந்தும் இருந்தது. தட்டை அரத்தை மூலைமட்டத்தில் பிடித்து இரண்டையும் சமமாக்கினேன், பல மாதம் தாக்குப்பிடித்தது. ஆனால் விளிம்பைத் தேய்க்கத் தேய்க்கக் காடியின் ஆழம் குறையும். டிரைவ் லிங்கின் அடிமுனை காடியின் அடியைத் தொட ஆரம்பித்தால் அந்தப் பாருக்கு ஆயுள் முடிந்தது, புதியது வாங்கத்தான் வேண்டும். இப்போது செயினை அரம் போடும் ஒவ்வொரு முறையும் பாரைப் புரட்டிவிடுகிறேன், காடியைச் சுரண்டி மரத்தூளை எடுத்து, ஆயில் துளையையும் திறந்து விடுகிறேன்.

தூளாகப் போகும் மரத்தைக் குறைக்க, ஒடுக்கமாக வெட்டும் லோ புரொஃபைல் செயினுக்கு மாற நினைப்பவர்களுக்கு ஒன்று. அதன் பெட்டியிலும் 3/8 என்றுதான் இருக்கும். ஆனால் அது வழக்கமான 3/8 இல்லை. டிரைவ் லிங்கின் வடிவமே வேறு. பார் முனையின் ஸ்ப்ராக்கெட்டும் (பல்சக்கரம்) கிளட்ச் பக்கத்தில் செயினை இழுக்கும் ரிம் ஸ்ப்ராக்கெட்டும் அதற்கென்று உள்ளவையாக இருக்க வேண்டும். பழைய ரிம்மில் மாட்டினால் சுற்றுவதுபோல்தான் தெரியும், பற்களுக்கிடையே சரியாக உட்காராமல் இரண்டையும் தின்றுவிடும். தேய்ந்த ரிம்மில் புதிய செயின் மாட்டினாலும் இதே கதிதான். இரண்டு செயினுக்கு ஒரு ரிம் என்று மாற்றுகிறேன்.

மில் சட்டத்தின் முனைப் பிடியையும் கவனியுங்கள். அது ஸ்ப்ராக்கெட்டின் மேல் இறுகினால் முனை சுழலத் திணறும், செயின் புகையும். பிடி அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும்.

டென்ஷனைப் பொறுத்தவரை, நீளமான அறுப்பில் செயின் சூடேறி நீண்டு தொங்கும், நடுவில் நிறுத்தி இறுக்கியாக வேண்டும். வேலை முடிந்ததும் தளர்த்திவிட மறக்காதீர்கள். ஆறும்போது செயின் சுருங்கி, பாரையும் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கையும் இழுக்கும்.

அந்த 1.3 செயினை நான் எறியவில்லை. லிங்க் குறைத்து 72 ஆக்கி, 1.3 காடி உள்ள 20 அங்குல பாரில் போட்டேன். சின்னக் கட்டைகளுக்கு இப்போதும் அதைத்தான் எடுக்கிறேன், நேராகவே அறுக்கிறது.