புதுப் பெயிண்டு அடித்த மூலை: வெளிநாட்டில் வாடகைக்குக் குடியேறும் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் இயற்பியல் கற்பித்துவிட்டு அண்மையில் குடியிருப்பைக் காலி செய்தபோது, நான் கொடுத்து வைத்திருந்த இரண்டு மாத வாடகை முன்பணத்தில் முக்கால் பங்கை வீட்டு முகவர் பிடித்துக்கொண்டார். படுக்கையறை மூலையில் ஒரு சுவரில் பூஞ்சை படர்ந்திருந்ததுதான் அவர் சொன்ன காரணம். அதே சுவருக்காகப் பணத்தை இழந்தவன் நான் மட்டுமல்லன் என்று பின்னர் தெரிந்ததால் இதை எழுதுகிறேன்.

நான் போய் இறங்கிய மறுநாள் காலையே பள்ளியில் புதிய ஆசிரியர்களுக்கான கூட்டம் இருந்தது. முதல்நாள் மாலை, பயணக் களைப்பில் கண் சொருகிக்கொண்டிருந்த நேரத்தில், முகவர் சாவியோடு நான்கு பக்க நிலை அறிக்கை ஒன்றையும் நீட்டினார். வீட்டில் என்னென்ன பொருள்கள் உள்ளன, ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று பதிவு செய்யும் தாள் அது. சுவர்கள் புதிதாக வண்ணம் பூசப்பட்டு நல்ல நிலையில் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. படுக்கையறையில் பெயிண்டு வாசனை தூக்கலாக அடித்ததால், குடிவருபவர் மேல் இவ்வளவு அக்கறையா என்று மகிழ்ந்து கையெழுத்திட்டேன். கூடத்துச் சுவர்களில் பழைய ஆணித் துளைகள் அப்படியே இருந்ததையும், புதுப் பூச்சு அந்த ஒரு மூலையில் மட்டும் பளபளத்ததையும் பார்த்தேன்; பார்த்தும் யோசிக்கவில்லை. உற்றுநோக்காமல் முடிவு எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை என்பது வேறு கதை.

ஆறாவது வாரம், மூலையில் நின்ற அலமாரிக்குப் பின்னால் கடுகு சிதறினாற்போல் கரும்புள்ளிகள் தெரிந்தன. முகவரிடம் தெரிவித்தபோது, துணிகளை வீட்டுக்குள் உலர்த்துவதும் ஜன்னலைத் திறக்காததுமே காரணம் என்றார். அவர் சொன்னது முழுப் பொய்யும் அன்று. 20 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துவிட்ட எந்தப் பரப்பும் வியர்க்கத்தான் செய்யும். வெயில் படாத சுவரை ஒட்டிக் காற்றோட்டமின்றி அலமாரி நின்றால் அங்கே பூஞ்சை பிடிப்பதும் இயல்பே. ஆகவே ஒரு மாதம் துணிகளை வெளியில் உலர்த்தினேன், அலமாரியை ஒரு சாண் முன்னே இழுத்தேன், காலையும் மாலையும் ஜன்னலைத் திறந்து வைத்தேன். புள்ளிகள் பெருகின. பிறகு, எளிய சோதனை ஒன்றைச் செய்தேன். ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக ஒட்டி இரண்டு நாள் விட்டுவைத்தேன். ஈரம் அறைக் காற்றிலிருந்து வந்தால் தாளின் வெளிப்பக்கம் நனையும். சுவருக்குள்ளிருந்து வந்தால் உட்பக்கம் நனையும். வெளிப்பக்கம் தடவியபோது உலர்ந்திருந்தது. தாளை உரித்தால் உட்பக்கமெங்கும் நீர்முத்துகள். ஓதம் சுவருக்குள்ளே இருந்தது. என் துணிகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதையும் சொன்னேன், ஆனால் தொலைபேசியில் சொன்னேன். முகவர் ஒவ்வொரு முறையும் மிகப் பணிவாகப் பேசி, ஆள் அனுப்புவதாக உறுதியளித்தார். மின்னஞ்சலுக்கு மட்டும் அவர் ஒரு வரிகூடப் பதில் எழுதியதில்லை. பேச்சில் கிடைத்த மரியாதையே போதுமென்று நானும் எழுதுவதை நிறுத்திக்கொண்டதுதான் இந்த விவகாரத்தில் நான் செய்த பெரும் பிழை.

காலி செய்யும் நாளில், அறை வெறுமையான பிறகே பார்வையிட முடியும் என்று சொல்லி, நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய மாலையில் வந்தார். அறை முழுவதற்கும் பூஞ்சை நீக்கம், இரண்டு பூச்சுப் பெயிண்டு, கூலி எல்லாம் என் கணக்கில் என்றார். நான் மறுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து ஒரு சில்லு உப்பிக்கொண்டு உதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் உடைந்த பக்கத்தில் வரிவரியாக அடுக்குகள்: மேலே வெள்ளை, அடியில் சந்தன நிறம், அதற்கடியில் மறுபடி வெள்ளை, கடைசியில் வெளிர்பச்சை, இரண்டு இடங்களில் நடுவே மெல்லிய கருங்கோடு. பூஞ்சையைச் சுரண்டாமலே அதன்மேல் பெயிண்டு அடித்திருக்கிறார்கள். சில்லை நீட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் என் பழைய கையெழுத்தைக் காட்டினார். என் வங்கிக் கணக்கும் வதிவிட அனுமதியும் அந்த வாரத்தோடு முடிகின்றன என்பதும், வழக்காட நான் திரும்பி வரப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

ஊர் திரும்பியபின், எனக்கு முன் அங்கே குடியிருந்த ஆசிரியையின் முகவரியை உடன் பணியாற்றிய ஒருவர் வழியாகப் பெற்று எழுதினேன். அவர் அனுப்பிய படத்தில் அதே மூலை, அதே கரும்புள்ளிகள். பிடிக்கப்பட்ட தொகைக்குச் சொல்லப்பட்ட காரணமும் அதுவே. குடியிருப்பவர் மாறும்போதெல்லாம் அந்தச் சுவர் முகவருக்குப் பணம் தருகிறது.

பள்ளியே பரிந்துரைத்த முகவர்தானே என்று நானும் நம்பினேன். புதியவர்களுக்கு வீடு பார்த்துத் தர ஓர் ஆள் கிடைத்த வசதி பள்ளிக்கு, அவ்வளவுதான். புதிதாகக் குடியேறுபவர்கள், நிலை அறிக்கையில் அன்றே கையெழுத்திடாமல் சில நாள் அவகாசம் கேளுங்கள். தர மறுத்தால் ‘அலமாரியை நகர்த்திப் பார்க்கவில்லை’ என்று கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள். முழுவீட்டில் ஒரு மூலைக்கு மட்டும் பெயிண்டு அடித்திருந்தால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் பேசியதை அன்றிரவே மின்னஞ்சலாக அனுப்பிவையுங்கள். விமானம் ஏறும் தேதியை முகவரிடம் முன்கூட்டியே சொல்லாமல், பார்வையிடலை ஒரு வாரம் முன்னதாக முடித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடியிருப்பு இப்போது மீண்டும் வாடகைக்கு விளம்பரமாகியிருக்கிறது. புதிதாக வண்ணம் பூசப்பட்டது என்ற குறிப்போடு வந்துள்ள படங்களுள் மூன்றாவதில், அலமாரி பழைய மூலையிலேயே சுவரோடு ஒட்டி நிற்கிறது.