தூக்கணாங்குருவிக் கூடுகளும் ஒரு 8×42 பைனாகுலரும்

பறவை பார்க்க பைனாகுலர் வாங்குகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்றுதான். கூடுகளைக் கவனித்துக் குறிப்பெடுக்க நினைப்பவர்கள் வேறொன்றைக் கேட்க வேண்டும்: கையை இறக்காமல் எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? பல ஆண்டுகளாக ஒரே 8×42 பைனாகுலரை வைத்துக்கொண்டு ஏரிக்கரைப் பனைகளில் தூக்கணாங்குருவிகளைப் பார்த்துவருகிறேன். கருவியின் குறைநிறைகளை அந்த வேலையை வைத்தே சொல்கிறேன்.

8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முகப்பு லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் வரும் 5.25 மி.மீ.தான் நம் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம். 10×42இல் இது 4.2 மி.மீ. உச்சிவெயிலில் நம் கண்மணி சுருங்கியிருப்பதால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. ஆனால் தூக்கணாங்குருவி விடிந்ததும் விடியாததுமாக வேலையைத் தொடங்கிவிடும். மேகம் மூடிய காலையில், ஓலை நிழலுக்குள் தொங்கும் கூட்டில், வந்தது ஆணா பெண்ணா என்று பிரித்தறிய அந்த ஒரு மில்லிமீட்டர் உதவுகிறது. பத்து மடங்கு என்றால் கைநடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். காட்சிப் பரப்பும் குறுகிவிடும். நார் கவ்விவரும் குருவி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதே தவறிப்போகும்.

எட்டு மடங்கில் என்னவெல்லாம் தெரிகிறது? ஆண் குருவி நெற்பயிரின் தாளில் அலகால் ஒரு சிறு வெட்டுப் போட்டு, அந்த இடத்தைக் கவ்விக்கொண்டே பறக்கும். பறக்கும் வேகத்தில் நீளமான நார் உரிந்து கூடவே வரும். கூடு பாதியில் தலைக்கவசம் கவிழ்த்தாற்போல் இருக்கும்போது பின்னுவதை நிறுத்திவிட்டு, அதன் அடியில் தொங்கியபடி சிறகடித்துப் பெண்களை அழைக்கும். வருகிற பெண் உள்ளே நுழைந்து நாரை இழுத்துப் பார்க்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். பிடித்துவிட்டால்தான் ஆண் மீதி வேலையை முடித்து நீண்ட நுழைவுக்குழாயைப் பின்னும். முடித்த கையோடு அடுத்த கூட்டுக்கும் அடுத்த பெண்ணுக்கும் போய்விடும் என்பதைப் பறவையியலாளர் சாலிம் அலி 1930இல் மகாராஷ்டிரத்தின் கிஹிம் கிராமத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துக் கண்டறிந்தார். கூட்டுக்குள் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு இதுவரை தெரிந்ததெல்லாம் களிமண்தான்: ஆண் அதை ஈரமாக அலகில் கொண்டுவந்து உட்சுவரில் அப்பும்.

இதையெல்லாம் நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி, கரையின் நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம். இன்னும் நெருங்கினால் பெண் வராது; ஆணும் கத்திக்கொண்டே இருக்கும், பின்னாது. அதற்குப் பிறகு நாம் எழுதுவது நம்மைக் கண்டு மிரண்ட பறவையின் நடத்தையைத்தான். முட்டை எத்தனை என்று பைனாகுலர் சொல்லாது. ஓலையை வளைத்துப் பார்க்கும் ஆசை வரும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். பெண் உள்ளே போய் நெடுநேரம் வராமல் இருந்தால் அடைகாக்கிறது என்று குறித்துக்கொள்கிறேன். ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துப் பூச்சியோடு வந்தால் குஞ்சு பொரித்தாயிற்று. கைவிட்ட கூட்டுக்குள் ஏதாவது நுழைவது தெரிந்தால் அவசரப்பட்டு எழுதக் கூடாது. சில்லைகள் என்ற சிறு குருவிகள் பழைய கூட்டில் குடியேறுவது வழக்கம்.

பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பட்டியல் ஏற்றும்போது கூடு கட்டும் பொருள் சுமந்தது, குஞ்சுக்கு இரை கொண்டுவந்தது என்று தனித்தனிக் குறியீடுகள் இருக்கின்றன. நம் ஊரில் பலர் வெறும் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது, ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் இப்படி ஏற்றிய பதிவுகளைக் கொண்டுதான். எண்ணிக்கையோடு கூட்டையும் குறிப்பிட்டால், எந்த இனம் எங்கே எந்த மாதத்தில் இனப்பெருக்கம் செய்கிறது என்ற வரைபடமும் நிரம்பும்.

இந்தக் கருவி தோற்கும் இடங்களும் உண்டு. வேடந்தாங்கலில் ஏரி நடுவே மரங்களில் நத்தைகுத்தி நாரையையும் கூழைக்கடாவையும் எண்ணலாம். கூட்டுக்குள் குஞ்சு எத்தனை என்று பார்க்க முக்காலியில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற ஒற்றைக்குழல் தொலைநோக்கி வேண்டும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் உள்ளான்களுக்குப் போட்ட கால்வளையங்களின் எழுத்தைப் படிக்கவும் அதுதான். கூந்தன்குளத்தில் நேர்மாறு: நாரைகள் தெரு மரங்களிலேயே கூடு வைத்திருப்பதால் வெறுங்கண்ணே போதும்.

உழைப்பு எப்படி? உள்ளே நைட்ரஜன் நிரப்பியது என்பதால் மழையிலும் உட்புறம் பனித்ததில்லை. பூஞ்சைதான் நம் ஊரின் நிரந்தர எதிரி. மழைக்காலம் முழுவதும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாத டப்பாவில் வைக்கிறேன். தோல் உறையில் வைத்த நண்பர் ஒருவரின் லென்ஸில் வலை படர்ந்துவிட்டது. தூசியை முதலில் ஊதியோ தூரிகையாலோ அகற்ற வேண்டும், பிறகுதான் துணி. வேட்டி நுனியால் துடைப்பவர்களிடம் என் கருவியைத் தருவதில்லை. கழுத்துவாரை முதல் பருவத்திலேயே கழற்றிவிட்டு, இரு தோளிலும் எடையைப் பகிரும் மார்புப்பட்டைக்கு மாறினேன். எழுநூறு கிராம் சொச்சம் கழுத்தில் தொங்கினால் நண்பகலுக்குள் கவனம் பறவையை விட்டுக் கழுத்துக்குப் போய்விடும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 16 மி.மீ.யாவது தள்ளி நின்று முழுக் காட்சியும் தெரிகிற கருவியாகப் பார்த்து வாங்குங்கள்.

வெயில் தின்றது ரப்பரைத்தான். உடல் உறை பிசுபிசுக்கத் தொடங்கிவிட்டது; கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம் வலப்பக்கம் விரிசல் விட்டது. சேவை மையத்தில் கேட்டால், பாகம் வர மாதங்களாகும் என்றார்கள். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி மாட்டியிருக்கிறேன், நன்றாகவே நிற்கிறது.