டாட் காம், டாட் இன், டாட் இந்தியா: புதிய தளத்துக்கு எந்த முகவரி?

மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை போன்ற மரபு அரிசிகளைத் தமிழ்நாட்டுக்குள் விற்கும் சிறு கடை ஒன்று, ‘நாழி’ என்ற பெயரில் இணையதளம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். எந்தப் பின்னொட்டை வாங்குவது என்பதுதான் முதல் கேள்வி போலத் தோன்றும். ஆனால் ‘நாழி’யை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பது அதற்கும் முந்தைய சிக்கல். ஏ ஒன்றா இரண்டா, ழகரத்துக்கு இசட்-எச் போடுவதா எல் போடுவதா என்று தொலைபேசியில் கேட்கும் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தட்டச்சு செய்வார். எச் ஒன்று விடுபட்டால் ஹிட்லர் கட்சியின் பெயராகிவிடும் என்ற சங்கடமும் இந்தப் பெயருக்கு உண்டு.

டாட் காம் 1985 முதல் இருப்பதால், எளிதில் நினைவில் நிற்கும் சிறிய பெயர்களில் பெரும்பாலானவை எப்போதோ பதிவாகிவிட்டன. மறுவிற்பனையாளர் கையில் இருக்கும் பெயருக்கு அவர் சொன்னதுதான் விலை. புதிதாகப் பதியக் கிடைக்கும் பெயர் என்றால் செலவு அதிகமில்லை. டாட் காமை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், நமக்குப் பெயரைப் பதிந்து தரும் நிறுவனங்களான பதிவாளர்களிடம் ஒரு பெயருக்கு வாங்கும் மொத்த விற்பனை விலை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலர் ஆனது. ஆகவே முதல் ஆண்டை அதைவிட மலிவாக யாராவது தந்தால், அந்தத் தள்ளுபடியைப் புதுப்பிப்புக் கட்டணத்தில் ஈடுகட்டப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்து, இரண்டாம் ஆண்டு விலையைப் பார்த்தே பதிவாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டாட் இன் நம் நாட்டுப் பின்னொட்டு. நிக்சி என்ற இந்திய தேசிய இணையப் பரிமாற்றகத்தின் பொறுப்பில் இருக்கிறது. 2005-இல்தான் எல்லோருக்கும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது என்பதால், டாட் காமில் போய்விட்ட பெயர் இங்கே கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதிகம் பேசப்படாத இன்னொரு வேறுபாடும் உண்டு. உங்கள் வணிகக் குறியை வேறொருவர் பதிந்துகொண்டால், டாட் காம் விதிப்படி அவர் தீய நோக்கத்துடன் பதிந்தார், தீய நோக்கத்துடனே பயன்படுத்துகிறார் என்று இரண்டையும் நிறுவ வேண்டும்; டாட் இன்னுக்கான விதியில் இரண்டில் ஒன்றே போதும். வெளிநாட்டு வாடிக்கையாளர் இல்லாத கடைக்கு டாட் இன்னே முதன்மை முகவரியாக இருக்கட்டும் என்பேன். டாட் காம் சாதாரண விலைக்குக் கிடைத்தால் காவலுக்கு அதையும் வாங்கி வைக்கலாம். மறுவிற்பனை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

எழுத்துக்கூட்டல் சிக்கலை அடியோடு தீர்ப்பது தமிழிலேயே அமையும் ‘நாழி.இந்தியா’தான். மூன்று முகவரிகளில் மனத்துக்கு நெருக்கமானதும் அதுவே; நடைமுறையில்தான் இடறுகிறது. இணையத்தின் பெயர் அமைப்பு உள்ளுக்குள் ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு ஆகியவற்றையே கையாள்வதால், தமிழ் முகவரி குறியீடாக மாற்றப்படுகிறது. ‘இந்தியா’ என்ற பின்னொட்டு மட்டுமே ‘எக்ஸ்-என்’, இரு கோடுகள், பிறகு ‘எக்ஸ்-கே-சி-2-டி-எல்-3-ஏ-5-இ-இ-0-எச்’ என்று நீளும். உலாவியிலிருந்து முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், சில நேரம் இந்தச் சரமே வந்து விழும். பார்ப்பவர் மோசடி இணைப்பு என்று எண்ணித் தொடாமல் விடுவார். மின்னஞ்சல் அதைவிடச் சிரமம். தமிழ் முகவரிக்கு அஞ்சல் அனுப்புவதற்கான தொழில்நுட்ப வரையறை 2012-இலேயே வந்துவிட்டபோதிலும், இன்றும் பல இணையப் படிவங்கள் அதைச் செல்லாத முகவரி என்று தள்ளிவிடுகின்றன.

அதற்காக அதை ஒதுக்கவும் வேண்டாம். அரிசிப் பையிலும் கடைப் பலகையிலும் ‘நாழி.இந்தியா’ என்று அச்சிட்டு, அதைத் தட்டச்சு செய்பவர் டாட் இன் தளத்துக்கே வந்து சேரும்படி திருப்பிவிடலாம். பதிவாளரின் அமைப்புப் பக்கத்தில் சில நிமிட வேலை அது. விலைப்பட்டியலிலும் மின்னஞ்சலிலும் டாட் இன் முகவரி மட்டும் இருக்கட்டும்.