மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இன்னோவா: ஒரு தறிக்காரனின் அனுபவம்

என்னிடம் இருப்பது 2012 மாடல் டொயோட்டா இன்னோவா. 2.5 லிட்டர் டீசல், எட்டு சீட், வெள்ளை போர்டு. மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, இதுவரை இன்ஜினை இறக்கிப் பிரிக்கவில்லை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் "டொயோட்டான்னா சும்மாவா?" என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை. இந்த வண்டி ஏன் இப்படி உழைக்கிறது, எதற்குக் காசு செலவாகிறது, வாங்க நினைக்கிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நெடுநாளாக ஆசை.

எங்களுக்குத் தொழில் குமாரபாளையத்தில் விசைத்தறி. அதனால் டொயோட்டாவின் பழைய கதை என்னை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இழுக்கும். அந்தக் கம்பெனியின் வேர் தறிப்பட்டறையில் இருக்கிறது. சகிச்சி டொயோடா 1867-ல் பிறந்தவர், தச்சர் மகன். ஊரில் பெண்கள் கைத்தறியில் பாடுபடுவதைப் பார்த்து, உழைப்பைக் குறைக்கிற மாதிரி ஒரு மரத்தறி செய்து, 1891-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அப்புறம் வாழ்நாள் முழுக்கத் தறியைத் திருத்துவதுதான் அவர் வேலை. 1924-ல் மகன் கிச்சிரோவோடு சேர்ந்து முடித்த ஜி வகைத் தானியங்கித் தறிதான் உச்சம். குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவை, ஓட்டத்தை நிறுத்தாமலே மாற்றிக்கொள்ளும். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று அறுந்தால் தானே நின்றுவிடும்.

அந்த இரண்டாவது விஷயத்தின் அருமை தறி ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். சாதாரணத் தறியில் பாவு இழை அறுந்தால், தறிக்காரர் கண்ணில் பட்டால் உண்டு. படாவிட்டால் கோடு விழுந்த துணி மீட்டர் கணக்கில் ஓடிவிடும், சேதாரம் நம் தலையில். ஆட்டோ லூமில் ஒவ்வொரு பாவு இழையிலும் ஒரு மெல்லிய இரும்புத் தகடு தொங்கும், டிராப் பின் என்போம். இழை இழுவையாக இருக்கும்வரை தகடு மேலே நிற்கும். அறுந்ததும் பொத்தென்று விழும், தறி நிற்கும். காவலுக்கு ஆள் வேண்டாம் என்பதால் ஜப்பானில் ஒரே ஆள் முப்பது தறிகூடப் பார்க்க முடிந்தது. பின்னாளில் கார் தொழிற்சாலையில் எந்தத் தொழிலாளியும் கோளாறைக் கண்டால் தலைக்கு மேல் இருக்கும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம் என்று வைத்தார்களே, அது இந்தத் தறி யோசனைதான். தப்பு நடந்தால் அங்கேயே நில், சரி செய், பிறகு ஓடு.

1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி அந்தத் தறியின் உரிமையை ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. கிச்சிரோ 1933-ல் தறிக் கம்பெனிக்குள்ளேயே கார் பிரிவு தொடங்கினார். 1937-ல் அது டொயோட்டா மோட்டார் என்று தனியாக நின்றது. 1950-ல் கடன், வேலைநிறுத்தம், ஆள்குறைப்பு என்று மூழ்கும் நிலை வந்து, கிச்சிரோ பொறுப்பேற்றுப் பதவி விலகினார். கொரியப் போருக்கான லாரி ஆர்டர்கள்தான் கம்பெனியைத் தூக்கிவிட்டன. இந்தியாவுக்கு அந்தக் குழுமம் கார் கொண்டுவருவதற்கு முன்பே, 1995-ல் நம் நாட்டுக் கிர்லோஸ்கர் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரு பக்கம் நூற்பு இயந்திரம் செய்யும் கம்பெனி ஆரம்பித்தது. கார் கூட்டு 1997-ல். பெங்களூரு பக்கத்துப் பிடதி தொழிற்சாலையிலிருந்து 2000 ஜனவரியில் வந்தது குவாலிஸ்.

குவாலிஸ் பார்க்க அழகான வண்டி இல்லை. இந்தோனேசியாவில் 1977 முதல் ஓடிக்கொண்டிருந்த கிஜாங் வரிசையின் ஒரு பழைய தலைமுறையைத்தான் நமக்குத் தந்தார்கள். பெட்டி மாதிரி உடம்பு, 2.4 லிட்டர் டீசல், 75 குதிரைத்திறன். பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு, சபரிமலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, சமயத்தில் நூல் பை ஏற்றவும் அதுதான். ஏறினால் கால் நீட்டி உட்காரலாம், வழியில் நிற்காது. ட்ராவல்ஸ்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். நன்றாக விற்றுக்கொண்டிருந்த நேரத்திலேயே 2005-ல் அதை நிறுத்திவிட்டு இன்னோவாவை இறக்கினார்கள். அன்றைக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் பலருக்கு அது வருத்தம். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. ஓடுகிற சரக்கை நிறுத்திவிட்டு அதைவிட நல்லதைத் தர எல்லோருக்கும் மனசு வராது.

இன்னோவா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் மூன்றும் ஒரே சேஸிஸ் திட்டத்தில் பிறந்தவை. அடியில் லாரி மாதிரி ஏணிச் சட்டம், அதன்மேல் உடம்பு, ஓட்டம் பின் சக்கரத்துக்கு. என் வண்டியின் 2.5 டி-ஃபோர்-டி இன்ஜின் 102 குதிரைத்திறனும் 200 நியூட்டன் மீட்டர் இழுவையும் தருகிறது. இதே இன்ஜின் வெளிநாட்டு ஹைலக்ஸில் 144 குதிரைத்திறன் வரை கொடுத்தது. நமக்குத் தந்ததில், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர்கூட இல்லை. வாங்கும்போது இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. இத்தனை வருஷம் ஓட்டிய பிறகு அதைத்தான் பெரிய பலம் என்பேன். தாங்கக்கூடிய சுமையில் முக்கால் பங்குக்கும் குறைவாகத்தான் இந்த இன்ஜின் எப்போதும் உழைக்கிறது. பண்ணாரி தாண்டி திம்பம் மலையின் 27 வளைவுகளையும் எட்டுப் பேரோடும் மூட்டை முடிச்சோடும் ஏறியிருக்கிறேன். வேகம் வராது. இரண்டாவது கியரில் போட்டால் அதுபாட்டுக்கு ஏறும், வெப்பமுள் அசையாது. பாரம் பின்னால் அமர்வதால் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் கூடுகிறது, ஏற்றத்தில் அது நன்றாகவே தெரியும்.

இனி எல்லோரும் மறந்துவிடுகிற விஷயத்துக்கு வருகிறேன். வால்வும் பிஸ்டனும் மோதாமல் ஒரே தாளத்தில் ஓட வைக்க இந்த இன்ஜினில் இருப்பது டைமிங் செயின் இல்லை, பெல்ட். குறித்த கிலோமீட்டர் வந்ததும் டாஷ்போர்டில் 'டி-பெல்ட்' என்று ஒரு விளக்கு எரியும். வண்டி வழக்கம்போலத்தான் ஓடும். சத்தம் மாறாது, இழுவை குறையாது. அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு விளக்கு வந்தபோது எங்கள் மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "தம்பி, வண்டி நல்லாத்தானே ஓடுதுன்னு இதோடவே போனீங்னா, அப்புறம் செலவு பெல்ட்டுக்கு இல்லீங், இன்ஜினுக்கு." பெல்ட் ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். பெல்ட்டோடு, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் வழிநடத்தும் ஐட்லரையும் சேர்த்து மாற்றினேன். மாற்றிய கையோடு விளக்கின் கணக்கையும் பூஜ்யமாக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விளக்கு டீசல் ஃபில்டருடையது. ஃபில்டரின் அடியில் ஒரு மிதவை இருக்கிறது, டீசலில் கலந்த தண்ணீர் சேர்ந்து மிதவை உயர்ந்தால் விளக்கு எரியும். மழைக்காலத்தில் ஒரு தடவை ஊர் பேர் தெரியாத பங்க் ஒன்றில் நிரப்பிவிட்டு வரும்போது எனக்கு எரிந்தது. பயப்பட வேண்டியதில்லை. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்து, ஃபில்டருக்கு அடியில் ஒரு டப்பாவை வைத்து, கீழே இருக்கும் திருகைக் கையாலேயே தளர்த்தினேன். மேலே உள்ள பம்ப்பை உள்ளங்கையால் அமுக்க அமுக்க முதலில் கலங்கலாகத் தண்ணீர் வந்தது, அப்புறம் தண்ணீரும் டீசலும் குமிழ் குமிழாகப் பிரிந்து வந்தன, கடைசியில் சுத்தமான டீசல். திருகை முடுக்கி, கை கனக்கும்வரை பம்ப்பை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தேன், பிடித்துக்கொண்டது. அந்தத் தண்ணீர், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போயிருந்தால் செலவு ஆயிரக்கணக்கில் நிற்காது.

டிராப் பின் விழுந்து தறி நிற்கும், இந்த வண்டி விளக்கைப் போட்டுச் சொல்லும். நிறுத்துவது நம் கையில். "டொயோட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று நம்பி விளக்கை மதிக்காமல் ஓட்டியவர்களின் இன்ஜின்கள் பட்டறையில் பிரித்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பராமரித்தவர்களின் வண்டிகள் அஞ்சு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் வாடகைக்கு ஓடுவதையும் பார்க்கிறேன். இரண்டும் ஒரே இன்ஜின்தான்.

தேய்மானச் செலவுகள் என்று பார்த்தால், கிளட்ச் செட் ஒரு தடவை முழுதாக மாற்றியாயிற்று. முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் புஷ்களும் லிங்க் ராடுகளும் நம் ஊர் வேகத்தடைகளுக்குத் தகுந்தபடி தேயும். ஷாக் அப்சார்பரை நான்கும் சேர்த்து மாற்றினால் வண்டி புதுசு போல ஆகிவிடும். மைலேஜ் நெடுஞ்சாலையில் 13 வரும், ஊருக்குள் 10, 11. ஏசி இரண்டு பிரிவாக இருப்பதால் பின்னால் இருக்கிற கூலிங் காயிலையும் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும், கேட்டால்தான் செய்வார்கள். வெளிப் பட்டறை ஒன்றில் ஒருமுறை அசல் ஃபில்டர் விலைக்குப் போலி ஃபில்டரைப் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து பாகங்களை நானே கடையில் வாங்கிக் கொடுக்கிறேன். பழைய பாகத்தையும் கையில் வாங்கிக்கொள்கிறேன்.

சொகுசு பற்றிப் பேசினால் நடு வரிசைதான் இந்த வண்டியின் ராஜ சீட். பாட்டியை மதுரை வரை கூட்டிப்போனால்கூட முதுகு வலி என்று ஒரு வார்த்தை வராது. மூன்றாவது வரிசை வேறு கதை. ஏணிச் சட்ட வண்டி காலியாகப் போகும்போது பின்பக்கம் குதிக்கும், ஆள் ஏற ஏறத்தான் அடங்கும். வளைவில் உடம்பு சாயும், இதைக் கார் மாதிரி விரட்டக் கூடாது. பாதுகாப்பு விஷயத்தில் எனக்கு ஒரு மனக்குறை நிச்சயம் உண்டு. தொடக்க காலத்தில் கீழ்நிலை மாடல்களைக் காற்றுப்பை இல்லாமலே விற்றார்கள், குடும்பம் குடும்பமாக ஏறுகிற வண்டிக்கு அது முறையே அல்ல. பழைய மாடல் வாங்குகிறவர்கள் மைலேஜைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்.

கம்பெனியின் பெயரும் கறையே படாதது இல்லை. 2009, 2010-ல் தரைவிரிப்பில் ஆக்சிலரேட்டர் சிக்குவது, பெடல் மெதுவாகத் திரும்புவது ஆகிய காரணங்களுக்காக உலகம் முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. கம்பெனியின் அன்றைய தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் நின்று மன்னிப்புக் கேட்டார். வாடிக்கையாளர்களிடம் உண்மையை மறைத்ததற்காக 2014-ல் 120 கோடி டாலர் கட்டினார்கள். எனக்கு அதைவிட வலித்தது 2024 ஜனவரியில் வந்த செய்தி. டீசல் இன்ஜின்களின் குதிரைத்திறன் சோதனையில், விற்பனைக்குப் போகும் இன்ஜினில் இல்லாத மென்பொருளை வைத்து அளவைச் சீராகக் காட்டியது தெரியவந்தது. நம் நாட்டில் புதிய தலைமுறை இன்னோவாவான கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் மூன்றையும் சில நாட்கள் அனுப்பாமல் நிறுத்தி வைத்தார்கள். என் வண்டியின் பழைய இன்ஜின் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதைச் செய்தது டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ், சகிச்சி ஆரம்பித்த அதே தறிக் கம்பெனி. இழை அறுந்தால் நில் என்று உலகத்துக்கே கற்றுக்கொடுத்த இடம் அது. அங்கே ஒருவர்கூட வருஷக்கணக்கில் கயிற்றை இழுக்கவில்லை என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இப்போது இரண்டு வழி. 2016-ல் வந்த கிரிஸ்டாவில் 2.4 டீசல், 150 குதிரைத்திறன், பெல்ட்டுக்குப் பதில் செயின், அதே ஏணிச் சட்டம். 2023 முதல் அது டீசல் மேனுவலில் மட்டும் வருகிறது. இன்னோவா ஹைகிராஸ் முழுக்க வேறு வண்டி. சட்டம் இல்லாத உடம்பு, முன்சக்கர ஓட்டம், பெட்ரோல் அல்லது பெட்ரோலோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். ஊருக்குள் அதிகம் ஓட்டுகிறவர், அமைதியும் மைலேஜும் வேண்டுகிறவர் ஹைகிராஸ் எடுக்கலாம். மலை, மண் ரோடு, முழு பாரம் என்றால் என் கை கிரிஸ்டா பக்கம்தான் போகும். ஷோரூமில் டொயோட்டா முத்திரையோடு நிற்கிற கிளான்ஸா மாதிரியான வண்டிகள் மாருதியோடு பகிர்ந்துகொண்டவை. நல்ல வண்டிகள்தான், ஆனால் குவாலிஸ், இன்னோவா கதையை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

பழைய இன்னோவா தேடுகிறவர்களுக்கு: மீட்டரை நம்பாதீர்கள், வாடகைக்கு ஓடியதை வெள்ளை போர்டாக மாற்றி, மீட்டரைக் குறைத்து விற்பது சாதாரணமாக நடக்கிறது. கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், டிரைவர் சீட்டின் ஓரம் மூன்றும் உண்மையைச் சொல்லிவிடும். டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். விளக்கு எரியவில்லை என்பது ஆதாரம் ஆகாது, பெல்ட்டைத் தொடாமலே அதன் கணக்கைப் பூஜ்யமாக்கிவிடலாம். பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு, வீட்டுக்குக் கொண்டுவரும் முன் பட்டறைக்கு விடுங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால், விலை பேசாமல் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.