சிப்பிக்கு ஆகாத ஃபிரிட்ஜ்

கதவு ரப்பரை மாற்றிய கையோடு இதை எழுதுகிறேன். இதே மாடல் பொங்கல் தள்ளுபடியில் கிடைக்கிறது, வாங்கலாமா என்று குளச்சல் நண்பர் கேட்கிறார். லிட்டர், ஸ்டார் கணக்கெல்லாம் அவருக்கே தெரியும். கேட்டது ஒன்றுதான்: காலையில் வாங்கும் இறாலும் சிப்பியும் மறுநாள் வரை தாங்குமா?

இறால் தாங்கும். மேலே உள்ள சில்லர் டிரேயில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன், 1 டிகிரி. ஓட்டைத் தட்டில் ஐஸ் பரப்பி, இறாலை வைத்து, மேலேயும் ஐஸ் போட்டுவிடுவேன். உருகும் தண்ணீரில் இறால் ஊறினால் ருசி போய்விடும், அதனால் அது வடிய அடியில் ஒரு பாத்திரம். சில்லருக்கு நேர் கீழேதான் எங்கள் வீட்டு தோசை மாவு இருக்கிறது. அதில் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. தலையை அன்றைக்கே கிள்ளிவிட வேண்டும், சதையைக் குழைக்கும் நொதிகள் அங்கேதான் அதிகம். ஓட்டில் கறுப்புப் புள்ளி வந்தால் பதற வேண்டாம். வெட்டிய ஆப்பிள் கறுக்கிற மாதிரிதான் அதுவும். நாற்றம் அடித்தாலோ சதை கொழகொழத்தாலோ தூக்கிப் போடுங்கள்.

சிப்பி விஷயத்தில்தான் இந்தப் பெட்டியோடு எனக்குத் தீராத சண்டை. சிப்பி சமைக்கும்வரை உயிரோடு இருக்க வேண்டும். மூடிபோட்ட டப்பா கூடாது, குழாய்த் தண்ணீரில் போட்டால் செத்துவிடும். அகலப் பாத்திரத்தில் கொட்டி ஈரத்துணி போர்த்த வேண்டும். ஆனால் இது ஃபிராஸ்ட் ஃப்ரீ, பனிக்கட்டி கட்டாத வகை. உள்ளே விசிறி வறண்ட காற்றை அடித்துக்கொண்டே இருக்கிறது. ராத்திரி போர்த்திய துணி விடிவதற்குள் காய்ந்து விறைத்துக் கிடக்கும். வாய் பிளந்த சிப்பியைத் தட்டினால் மூட வேண்டும், மூடாதது குப்பைக்கு. கடலில் மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து ஒருவர் பெயர்த்தெடுத்த பொருளை அப்படிக் கொட்டும்போது ஆத்திரமாக வருகிறது. பனிக்கட்டி அப்பிக்கொள்ளும் பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் இந்தத் தொல்லை இல்லை.

காய்கறி டிரேயில் ஈரம் நிற்கும். ஆனால் கதவில் 3 டிகிரி என்று காட்டும்போது அங்கே 7 இருந்தது. சிப்பிக்கு அது ஆகாது, 4-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மெக்கானிக்கிடம் காட்டினேன். "சென்சார் இருக்கிற இடத்தைத்தான் சார் அது காட்டும்" என்றார். சரி, நியாயம்தான். அப்புறம் அந்த எண் யாருக்காக எரிகிறது? ரப்பர் மாற்றிய பிறகு 5-க்கு இறங்கியிருக்கிறது. அதற்கு மேல் இறங்க மறுக்கிறது.

நண்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. உயிரோடு வாங்கினால் அன்றே சட்டியில் ஏற்றிவிடுங்கள். எப்போது செத்தது என்று தெரியாத நண்டு வேண்டவே வேண்டாம்.

சத்தம் இல்லை, கரண்ட் பில் குறைவு, இறாலுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் சிப்பி கிடைக்கும் குளச்சலில் இருந்துகொண்டு இதை வாங்காதீர்கள், தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் சரி. என்னுடையதைப் பாதி விலைக்குக் கேட்டாலும் தர மாட்டேன்.