போலி டிரைவரில் ரிக்ரஷன்: ரிவர்ட்டா, திருத்தமா, டெஸ்ட்டை மாற்றுவதா?

லினக்ஸின் மையமான கெர்னலில், எந்தச் சிப்பும் இல்லாமலே ஓடும் போலி டிரைவர்கள் (வன்பொருளைக் கையாளும் நிரல்கள்) சில உண்டு. ஜிபிஐஓ லைன்களுக்கு (சிப்பின் பொதுப்பயன் உள்ளீட்டு-வெளியீட்டு இணைப்புகள்) ஜிபிஐஓ-சிம், வைஃபைக்கு மேக்80211-ஹெச்டபிள்யூசிம், நெட்வொர்க் கார்டுக்கு நெட்டெவ்சிம், திரைக்கு விகேஎம்எஸ். எல்லாமே முக்கியமாகச் சோதனைக்கு. நேற்று வரை ஓடிய டெஸ்ட் புதிய ஆர்சி-யில் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) விழுந்தால் அது ரிக்ரஷன். முன்னால் மூன்று வழிகள்: காரணமான கமிட்டை (பதிவான நிரல் மாற்றத்தை) ரிவர்ட் செய்யலாம், அதாவது திரும்பப் பெறலாம், அதன் மேலேயே திருத்தம் போடலாம், இல்லை டெஸ்ட்டை மாற்றலாம்.

உதாரணத்துக்கு ஜிபிஐஓ-சிம்மை எடுத்துக்கொள்கிறேன். 2022-இல் 5.17 பதிப்போடு வந்தது, பழைய ஜிபிஐஓ-மாக்கப்புக்கு மாற்றாக. கெர்னலைக் கோப்புகள் வழியாக அமைக்க உதவும் கான்ஃபிக்எஃப்எஸ்-இல் ஒரு டைரக்டரி உருவாக்கி, லைன் எண்ணிக்கையைக் கொடுத்து, 'லைவ்' கோப்பில் 1 எழுதினால் ஒரு ஜிபிஐஓ சிப் தோன்றிவிடும். அப்புறம் அதுபோன்ற இன்னொரு இடைமுகமான சிஸ்எஃப்எஸ்-இல் 'புல்-அப்' என்று எழுதினால் லைன் உயரும். கவனித்துக்கொண்டிருக்கும் நிரலுக்கு, லைன் 0-இலிருந்து 1-க்கு ஏறியதைச் சொல்லும் ரைசிங் எட்ஜ் நிகழ்வு போய்ச் சேர வேண்டும். இப்போது லைனின் மதிப்பு 1 ஆகிறது, நிகழ்வு மட்டும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

குற்றவாளியைப் பிடிப்பது இங்கே சுலபம். போர்டு வேண்டாம், கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான க்யூஇஎம்யூ போதும். இரண்டு பதிப்புகளுக்கு நடுவே 10,000 கமிட்டுகளுக்கு மேல் இருந்தாலும் அவற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் சுமார் 14 சுற்றில் முடித்துவிடும். 'பைசெக்ட் ரன்' கட்டளைக்கு ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்தால் போதும்: 0 என்றால் நல்லது, 1 என்றால் கெட்டது, கம்பைலே ஆகவில்லை என்றால் 125 கொடுத்துத் தாண்டிவிடலாம். ஒரே ஆபத்து, எப்போதாவது மட்டும் விழும் டெஸ்ட். நிகழ்வு ஒரு தடவை தொலைந்தாலே அந்தக் கமிட் கெட்டது. நல்லது என்று சொல்வதற்குத்தான் பல தடவை ஓட்ட வேண்டும். இதைக் கவனிக்காத பைசெக்ட், சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் கமிட்டில் போய் நிற்கும்.

கமிட் கிடைத்துவிட்டது. ரிவர்ட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் போலி டிரைவர் விஷயத்தில் பலர் இதைத் தேவையில்லாமல் தள்ளிப்போடுகிறார்கள். 'யாருடைய மெஷினும் உடையவில்லையே, நிதானமாகப் பார்க்கலாம்' என்பது அவர்கள் வாதம். எனக்கு உடன்பாடில்லை. ஜிபிஐஓ-வைப் பயன்படுத்தும் நிரல்களுக்கான நூலகமான லிப்ஜிபிஐஓடி 2.0-இன் டெஸ்ட்டுகள் ஜிபிஐஓ-சிம்மை நம்பியே ஓடுகின்றன. வைஃபை மென்பொருள்களான ஹோஸ்ட்ஏபிடி, டபிள்யூபிஏ-சப்ளிகன்ட் டெஸ்ட்டுகள் ஹெச்டபிள்யூசிம்மை நம்பி. அவை சிவப்பாகவே கிடந்தால், அடுத்து வரும் உண்மையான பிழையும் அதே சிவப்புக்குள் மறைந்துவிடும். கெர்னலின் ரிக்ரஷன் வழிகாட்டியும், திருத்தம் சீக்கிரம் வராது என்றால் ரிவர்ட் செய்துவிட்டுப் பிறகு சரிசெய்து சேர்க்கலாம் என்ற பக்கமே சாய்கிறது. ஆர்சி6, ஆர்சி7 என்று நெருங்கிவிட்டால் நான் யோசிக்கவே மாட்டேன்.

ரிவர்ட் செல்லாத இடமும் உண்டு. அந்தக் கமிட்டே ஒரு ரேஸையோ (ஒரே நேரத்தில் ஓடும் இரு வேலைகள் மோதும் பிழை), நினைவகத்தை விடுவித்த பிறகு தொடும் பிழையையோ சரிசெய்ய வந்ததாக இருந்தால், ரிவர்ட் பழைய ஓட்டையைத் திறந்துவிடும். அதன் மேல் ஏற்கெனவே நான்கைந்து கமிட்டுகள் ஏறியிருந்தால் ரிவர்ட் பேட்ச் (அனுப்ப வேண்டிய மாற்றம்) திருத்தத்தைவிடப் பெரிதாகிவிடும்.

சரி, திருத்தம் என்றால் எங்கே? ஜிபிஐஓ-சிம் தன் இன்டரப்ட்டுகளை (நிகழ்வைக் கெர்னலுக்குச் சொல்லும் குறுக்கீட்டுச் சைகைகளை) தானே உருவாக்குவதில்லை. கெர்னலின் பொதுவான ஐஆர்க்யூ-சிம் பகுதியிடம் வாங்கிக்கொள்கிறது. ஜிபிஐஓ-மாக்கப்பும், சென்சார்களைக் கையாளும் ஐஐஓ பிரிவின் டம்மி நிகழ்வு ஜெனரேட்டரும் அங்கேதான் போகின்றன. கோளாறு ஐஆர்க்யூ-சிம்மில் இருக்க, ஜிபிஐஓ-சிம்முக்குள் ஒரு சின்னத் தாமதமோ இரண்டாவது அழைப்போ போட்டு டெஸ்ட்டைப் பச்சையாக்கினால் மற்ற இரண்டும் உடைந்தபடியே கிடக்கும். இன்னும் மோசம், கோளாறு ஜிபிஐஓ மையப் பகுதியிலேயே இருந்தால். அப்போது போலி டிரைவர் தன் வேலையைத்தான் செய்திருக்கிறது, உண்மையான சிப்களிலும் வரப்போகும் பிழையை முன்கூட்டியே காட்டியிருக்கிறது. அதன் வாயை அடைக்கும் பேட்ச் மூன்று வழிகளையும்விடக் கேடானது. கோளாறு எந்த அடுக்கில் என்று உறுதியாகும் வரை நான் திருத்தம் எழுத மாட்டேன். உறுதியாகிவிட்டால், ரிவர்ட்டைவிடத் திருத்தமே மேல்.

டெஸ்ட்டை மாற்றுவது பொதுவாகக் கடைசி வழி, ஆனால் நெட்டெவ்சிம் விதிவிலக்கு. அதன் இடைமுகம் மாறாது என்று எந்த உத்தரவாதமும் இல்லை, கெர்னலுக்குள் இருக்கும் டெஸ்ட்டுகளுக்கு மட்டுமே அது என்று நெட்வொர்க் பிரிவின் ஆவணம் வெளிப்படையாகவே சொல்கிறது. அங்கே வெளியே எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று உடைந்தால் ரிக்ரஷன் என்று வாதாடுவது வீண், ஸ்கிரிப்ட்டைத்தான் மாற்ற வேண்டும். ஜிபிஐஓ-சிம்மில் எட்ஜ் தொலைவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. டெஸ்ட்டில் காத்திருக்கும் நேரத்தை நீட்டிப் பார்ப்பது நோயறிய உதவும், அவ்வளவுதான். நீட்டியும் நிகழ்வு வரவில்லை என்றால் அது தாமதம் இல்லை, இழப்பு.

திருத்தம் போட்டாலும் ரிவர்ட் செய்தாலும் கமிட் செய்தியின் 'ஃபிக்ஸஸ்' வரியில் குற்றவாளிக் கமிட்டின் அடையாளத்தைக் குறைந்தது 12 எழுத்துகளோடு குறிப்பிட வேண்டும். கெட்ட கமிட் ஏற்கெனவே ஸ்டேபிள் பதிப்புகளுக்கு (வெளியான பின் திருத்தங்கள் மட்டும் பெறுபவை) போயிருந்தால் ஸ்டேபிள் முகவரிக்கும் நகல் அனுப்ப வேண்டும். பேட்ச் முதலில் முதன்மைக் கிளையான மெயின்லைனில் சேர வேண்டும், மாற்றத்தைச் சுற்றிக் காட்டும் சூழல் வரிகளோடு 100 வரியைத் தாண்டக் கூடாது என்பது அங்கே விதி. ஐஆர்க்யூ-சிம் திருத்தம் அதற்குள் எளிதாக அடங்கும். டிரைவரைப் பாதி திருப்பி எழுதியிருந்தால் அடங்காது. அப்போது ஸ்டேபிளுக்கு ரிவர்ட்டும், புதிய மாற்றங்களைச் சேர்க்கும் காலமான அடுத்த மெர்ஜ் விண்டோவுக்கு, விழுந்த அதே டெஸ்ட்டோடு சேர்த்துப் புதிய பேட்ச்சும் அனுப்புவேன்.