ரோட்டோரம் அளக்க வாங்குன மெஷரிங் வீல்: நீளத்துக்கு ஓகே, அகலத்துக்கு டேப்புதான்

தரையில உருட்டிட்டே போனா எத்தன மீட்டர்னு கவுண்ட்டர்ல ஏறிட்டே வருமே, ரோடு கான்ட்ராக்ட் ஆளுங்க, கேபிள் பதிக்கறவங்க கைல பாத்திருப்பீங்க, அந்த மெஷரிங் வீல் பத்திதான் இந்த ரிவ்யூ. நாங்க வாங்குனது வேற வேலைக்கு. புதுச்சேரி - கடலூர் ரோடு, இப்ப என்.எச் 32, பழைய ஆளுங்க வாய்ல இன்னும் 45ஏதான், அதுல முருங்கப்பாக்கத்துலேர்ந்து தவளக்குப்பம் வரைக்கும் ஓரமா நடக்கறவங்களும் சைக்கிள்காரங்களும் சேந்து போற மாதிரி ஒரு பாதை வேணும்னு எங்க ஏரியாவுல மனு எழுதிட்டிருக்கோம். வெறும் மனு குடுத்தா ஃபைல்ல படுத்துக்கும், எங்க எவ்ளோ இடம் இருக்குன்னு அளந்து ஸ்கெட்ச்சோட குடுத்தா ஒருத்தராவது பிரிச்சுப் பாப்பாருன்னு பேச்சு வந்துச்சு, அதுக்குத்தான் இந்த வீலு.

விலை மூவாயிரத்துக்குக் கொஞ்சம் கீழ. பிராண்டு பேரு வேணாம், ஆன்லைன்ல பாத்தீங்கன்னா ஒரே சாமானுக்கு நாலஞ்சு பேரு ஒட்டி விக்கறாங்க. வீலோட சுத்தளவு சரியா ஒரு மீட்டர், அதாவது குறுக்களவு 32 சென்டிமீட்டருக்கு ஒரு நூல் கம்மி, ஒரு சுத்து சுத்துனா ஒரு மீட்டர் ஏறும். மடக்கற கைப்பிடி, கீழ ஒரு சின்ன ஸ்டாண்டு, ஜீரோ பண்ண ஒரு லீவரு, துணிப் பை ஒண்ணு. பேட்டரி இல்லாத மெக்கானிக்கல் மாடல்தான் வாங்குனோம். டிஜிட்டல் மாடல் பாக்க அழகா இருக்கு, ஆனா மத்தியான வெயில்ல அந்த டிஸ்ப்ளே தெரியறதில்லைன்னு கமென்ட்ல நெறய பேரு பொலம்பியிருந்தாங்க, நம்ம ஊரு வெயில் தெரியும்ல.

கைல எடுத்தா வெயிட் இல்ல, நடக்கற வேகத்துக்கு உருண்டுட்டு வருது, பின்னாடி ஒருத்தரு நோட்டுல குறிச்சுட்டு வந்தா போதும். முதல்ல 30 மீட்டர் டேப்ப நீட்டிப் போட்டு அதோட வீல ஒத்துப் பாத்தோம். தார் ரோட்டுல ஒரு சாணுக்குள்ளதான் வித்தியாசம், அது பரவால்ல. மண்ணு, ஜல்லி, புல்லு கலந்த ஓரத்துல உருட்டுனா அர மீட்டருக்கும் மேல கூட காட்டுது. மேடு பள்ளத்துல ஏறி எறங்கற தூரத்தையும் சேத்து எண்ணிடுது, அதுபோக நாம நேரா போறோம்னு நெனச்சுட்டு லேசா வளைஞ்சு வளைஞ்சுதான் போவோம், அதுவும் சேருது. இந்த வீல் எதுவா இருந்தாலும் கரடு தரையில பெரும்பாலும் கூடத்தான் காட்டும். எஸ்டிமேட்டுக்கு அது போதும், சைட்டு எல்லைத் தகராறுக்கு இத நம்பிப் போயிடாதீங்க.

இப்ப கம்ப்ளெயின்ட். ஸ்டாண்டு பிளாஸ்டிக், ஆரம்பத்துலயே ஆட ஆரம்பிச்சிடுச்சு. கைப்பிடி மடக்கற எடத்துல இருக்கற லாக் சரியா புடிக்கல, உருட்டிட்டு இருக்கும்போதே லேசா மடங்குது, ஒரு ரப்பர் பேண்டு சுத்தித்தான் ஓட்டறோம். ஜீரோ லீவரு கவுண்ட்டருக்கு ரொம்பப் பக்கத்துல, வெரல் பட்டா முடிஞ்சது, அது வரைக்கும் அளந்ததெல்லாம் போச்சு. விக்கறவங்களுக்கு எழுதுனா "மெதுவா யூஸ் பண்ணுங்க சார்"னு பதில் வருது, கார் ஷெட்டு சரிவுல எல்லாம் ஏறி எறங்கற ரோட்டோரத்துல எப்படிங்க மெதுவா யூஸ் பண்றது.

ஆனா இந்த வீல் பத்தி நான் முக்கியமா சொல்ல வந்தது லாக்கு லீவரு கத இல்ல. பாதை பிளான் பண்றதுக்கு நீளம் ரொம்பச் சின்ன விஷயம். நாங்க மனு எழுதும்போது "இத்தன கிலோமீட்டர் பாதை வேண்டும்"னுதான் முதல் வரியே எழுதி வச்சிருந்தோம். எங்க பெரியப்பா பொதுப்பணித்துறையில ஓவர்சியரா இருந்து ரிடையர் ஆனவரு, நோட்ட வாங்கிப் பாத்துட்டு, "டேய் தம்பி, கிலோமீட்டர யாரு கேட்டா? எந்த எடத்துல அகலம் ரொம்பக் கம்மி, அத எழுது, அதாண்டா உன் பாதை"ன்னாரு. அதுக்கப்பறம் நோட்டுல நடுவுல ஒரு கோடு போட்டு வலது பக்கம் பூரா அகலம் மட்டும் எழுத ஆரம்பிச்சோம், அங்கதான் விஷயமே பிடிபட்டுச்சு.

கணக்கு இதுதான். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்னு ஒண்ணு இருக்கு, ஐ.ஆர்.சி, ரோடு அளவுக்கெல்லாம் அவங்க போடற விதிமுறைதான் இங்க ஓடுது. நடைபாதைன்னா நடுவுல போஸ்ட்டு, மரம், டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் இல்லாம சுத்தமா 1.8 மீட்டராவது வேணும்னு அவங்க 2012 நடைபாதை கைடுலைன் சொல்லுது, கடைத்தெருவுன்னா இன்னும் கூட. சைக்கிள் டிராக்குக்கு 1962லயே எழுதி வச்சிட்டாங்க, கொறஞ்சது 2 மீட்டர், ஒருத்தர ஒருத்தர் ஓவர்டேக் பண்ணணும்னா 3. ரெண்டும் தனித்தனியா போட்டா 3.8 மீட்டர் ஆச்சு. சேத்து ஒரே பாதையா போட்டா அமெரிக்காவுல ஹைவே ஆளுங்க வச்சிருக்கற அளவு சுமாரா 3 மீட்டர், அதுக்கும் ரோட்டுக்கும் நடுவுல 1.5 மீட்டர் இடைவெளி, அந்த இடைவெளி தர முடியலன்னா நடுவுல தடுப்பு கட்டணும். ஆக எப்படிச் சுத்துனாலும் நாலு மீட்டர் பக்கத்துல வந்து நிக்குது. ஷேர்டு பாத் போட்டா எடம் பாதியா மிச்சமாகும்னு எங்க குரூப்ல ஒருத்தரு அடிச்சுப் பேசிட்டிருந்தாரு, இந்தக் கூட்டல போட்டுக் காட்டுனதும் கொஞ்சம் சைலன்ட் ஆயிட்டாரு.

நீளம் அளக்கும்போது இதெல்லாம் தெரியவே தெரியாது. வீல் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், கவுண்ட்டர் ஏறிட்டே இருக்கும், தாராளமா எடம் இருக்கற மாதிரிதான் ஒரு ஃபீல் வரும். டேப்ப எடுத்து குறுக்கால புடிச்சாதான், ஒயிட் லைன்லேர்ந்து சாக்கடை ஸ்லாப் வரைக்கும் நாலு மீட்டர் இருந்த எடம், பத்தடி தள்ளி கரன்ட் போஸ்ட்டு, அதுக்கு முட்டுக் குடுத்த ஸ்டே கம்பி, ஒரு ஃபிளக்ஸ் ஃபிரேம், இளநி வண்டி எல்லாம் போக ஒரு ஆளு தோள சாய்ச்சுப் போற அளவுக்கு வந்து நிக்கறது தெரியும். சைக்கிள்ல பால் கேன் மாட்டிட்டு வர்றவரு அங்க என்ன பண்ணுவாரு, ரோட்டுல எறங்குவாரு. பின்னாடியே கடலூர் பஸ் ஹாரன் அடிச்சுட்டு வரும். பாதை கிலோமீட்டர் கணக்குல இருந்தாலும் அந்த ஒரு போஸ்ட்டுகிட்ட ரோட்டுல எறங்க வேண்டியதா இருந்தா அத யாரும் நம்பிப் புள்ளைய அனுப்ப மாட்டாங்க.

பாலம் அடுத்த தலவலி. அரியாங்குப்பம் ஆத்துப் பாலம், அப்பறம் போட் ஹவுஸ் பக்கத்துல சுண்ணாம்பாறு பாலம், ரெண்டுலயும் ஓரத்த நீட்டிக்க மண்ணு கெடையாது. அங்க அளக்கறதுக்கு வீலே எடுக்கல, நின்னு டேப் புடிக்கவே பயமா இருந்துச்சு, லாரி போனா பாலம் லேசா ஆடும் பாருங்க அது வேற. பாலத்துக்குப் பக்கத்துல நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் தனியா ஒரு சின்னப் பாலம் போடறதுதான் வழின்னு பெரியப்பா சொன்னாரு, செலவு மொத்தமும் அங்கதான் போகும், மத்ததெல்லாம் ஜல்லியும் சிமெண்ட்டும்தான்னாரு.

ஒரு விஷயத்துல இந்த வீல் எதிர்பாக்காம ஒதவுச்சு, அதுக்கு இத மனசார பாராட்டணும். சாக்கடை மேல போட்டிருக்கற ஸ்லாப்புங்க நடுவுல இடுக்கு இருக்கும்ல, குறுக்கால இருக்கற இடுக்குல வீல் டக்குன்னு ஒரு சத்தம் போட்டுட்டுத் தாண்டிடுது. அதே இடுக்கு ரோடு போற திசையிலயே நீளமா இருந்தா வீல் உள்ள எறங்கி மாட்டிக்குது, கைப்பிடி வயித்துல வந்து குத்துது. வீல் மாட்டற எடத்துல சைக்கிள் டயரும் மாட்டலாம், மாட்டுனா ஓட்டறவரு மூஞ்சி கீழ. மாட்டுன எடத்துல எல்லாம் சாக்பீஸ்ல பெருக்கல் போட்டு போட்டோ எடுத்து மனுவோட வச்சிட்டோம். பேவர் பிளாக் போட்ட பழைய நடைபாதையில உருட்டும்போதும் அப்படித்தான், கை விட்டு விட்டு ஆடுது, அத வச்சே சைக்கிள் பாதைக்கு பேவர் வேணாம், கான்கிரீட்டு இல்ல தார் போடுங்கன்னு ஒரு வரி சேத்தோம். பேவர் கான்ட்ராக்ட் எடுக்கறவங்க யாராச்சும் இத படிச்சா மன்னிச்சுக்கோங்க.

அடுத்து வாசல். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், வண்டி ஷோரூம், தனி வீட்டு கேட்டுன்னு ஒவ்வொண்ணுக்கும் நடைபாதைய வெட்டி சரிவு போட்டிருப்பாங்க, அதனால பாதை ஏறும் எறங்கும் ஏறும் எறங்கும். ஒவ்வொரு வாசலும் எந்த மீட்டர்ல வருதுன்னு குறிக்க வீல் சூப்பர், இது டேப்பால முடியாத வேலை. குறிச்சுட்டுப் பாத்தா கர்ப் (நடைபாதை ஓரத்து மேட்டுக் கல்லு) போட்ட எடம் எவ்ளோ, வெட்டு எவ்ளோன்னு கண்ணுக்கு முன்னாடி நிக்குது, சில எடத்துல வெட்டுதான் ஜாஸ்தி. பாதை ஒரே மட்டத்துல போகணும், உள்ள போற கார்தான் மெதுவா ஏறி எறங்கணும், இப்ப தலகீழா இருக்கு. கர்ப் 15 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு ஐ.ஆர்.சி சொல்லுது, நம்ம ஊர்ல சில எடத்துல கர்ப்ப பாத்தா பாட்டிங்க கைய ஊனித்தான் ஏறணும். பஸ் ஸ்டாப்பு நிழற்குடை இருந்தா பாதைய அதுக்குப் பின்னாடி சுத்தி விடணும், முன்னாடி விட்டா பஸ்ஸுக்கு ஓடறவங்க மேல சைக்கிள் ஏறும்.

பைக்கு ஏறிடுமேன்னு எல்லாரும் கேக்கறாங்க. ஏறும். காருக்கு போலார்டு, அதான் குட்டைத் தூணு, வச்சு தடுத்துடலாம், ஆனா சைக்கிள் நுழையற சந்துல ஸ்கூட்டியும் நுழையும், வீல்சேருக்கும் சேத்து எடம் விடணும்னா கேக்கவே வேணாம். நடைபாதையிலயும் சைக்கிள் பாதையிலயும் மோட்டார் வண்டி ஓட்டக் கூடாதுன்னு சட்டம் எப்பவோ இருக்கு, ஆனா ரோட்டு நடுவுல மீடியன் போட்டு யூ-டர்ன தூரத்துல வச்சா ஜனங்க ராங் சைடுல ஓரமாதான் வருவாங்க. அதனால நாங்க மனுவுல யூ-டர்ன் எங்கெங்க இருக்குன்னும் மீட்டர் போட்டுக் குடுத்திருக்கோம், வீல் புண்ணியம்.

பீச் ரோட்டுலதான் சாயங்காலம் 6 மணிலேர்ந்து காலையில 7:30 வரைக்கும் வண்டி விடாம வச்சிருக்காங்களே, நடக்கறவங்க அங்க போலாமேன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. அண்ணே, நோணாங்குப்பத்துலேர்ந்து ஸ்கூலுக்குப் போற பொண்ணுக்கு பீச் ரோட்டால என்ன பிரயோஜனம்? முள்ளோடை தாண்டுனா தமிழ்நாடு, அங்க அரசுப் பள்ளியில ப்ளஸ் ஒன் சேந்தா இலவச சைக்கிளே குடுக்கறாங்க, ஓட்டறதுக்குத்தான் ஓரம் இல்ல. ரெட்டிச்சாவடி பக்கம் அளக்கறத கடலூர் நண்பர்கள் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க, வீல் அங்க போகப் போகுது, ரப்பர் பேண்டோட.

மழைக்காலத்துல ஒரு தடவ நடந்து பாக்காம பாதைய ஃபைனல் பண்ணாதீங்க, 2024 நவம்பர் கடைசில பெஞ்சல் புயல் கரைய கடந்தப்ப இந்தப் பக்கம் தண்ணி எங்கெல்லாம் நின்னுச்சுன்னு கடைக்காரங்கள கேட்டாலே சொல்லிடுவாங்க, அதெல்லாம் எந்த வீலும் காட்டாது. மனுவ எத்தன எடத்துல குடுக்கணும்னு பாத்தாலே மூச்சு வாங்குது, ரோடு ஹைவே ஆளுங்களது, சாக்கடை கொம்யூன் பஞ்சாயத்து, போஸ்ட்டு மின்துறை. ஒரே ஸ்கெட்ச்ச எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுக்கறோம், மீட்டர் நம்பர் ஒண்ணா இருக்கறதால "அந்த போஸ்ட்டு எது"ன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல. இந்த ஒரு விஷயத்துக்கே வீலுக்குப் போட்ட காசு தேறிடுச்சு.

அஞ்சுக்கு மூணரை குடுக்கறேன். லாக் நல்லா இருந்திருந்தா நாலு. ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூட வாசல் மட்டும்னா இத வாங்காதீங்க, தெரிஞ்ச சிவில் கான்ட்ராக்டர்கிட்ட ரெண்டு நாள் எரவல் கேட்டா குடுப்பாங்க. வாங்கறதுன்னா சின்ன வீல் வச்ச மாடல் பக்கம் போகாதீங்க, ஜல்லியில குதிச்சுட்டே வரும், ஒரு மீட்டர் சுத்தளவுதான் பாருங்க. கூடவே 30 மீட்டர் ஃபைபர் டேப்பு ஒண்ணு எடுத்துக்கோங்க, ஸ்டீலு வேணாம், கரன்ட் போஸ்ட்டு பக்கத்துல புடிக்கறது ரிஸ்க்கு, அதோட நம்ம கடக்காத்துக்கு ஒரே சீசன்ல துரு ஏறிடும்.